விறைக்கும் விரல்கள்: குளிர்மழையில் சைக்கிள் ஓட்டுவோரின் கைகள்

குளிர் நாடுகளில் சைக்கிள் ஓட்டுகிறவர்களின் உடலில் முதலில் தோற்றுப்போவது கைகள்தான். தொடைகள் ஓயாமல் உழைத்துச் சூடேறியிருக்கும். மழைச் சட்டைக்குள் முதுகு வியர்த்திருக்கும். அதே நேரத்தில் ஹேண்டில்பாரைப் பற்றியிருக்கும் விரல்கள் விறைத்து, பிரேக்கைப் பிடிக்கக்கூட வலுவின்றி நிற்கும். இதற்குக் காரணம் சைக்கிள் ஓட்டும் முறையிலேயே இருக்கிறது. நடப்பவர் கையை வீசி நடக்கலாம், வேண்டுமானால் சட்டைப் பைக்குள் நுழைத்துக்கொள்ளலாம். சைக்கிளில் போகிறவரின் கைகளோ உடலுக்கு முன்னால், எதிர்க்காற்று முதலில் வந்து மோதும் இடத்தில், ஓர் உலோகக் குழாயைப் பற்றியபடி அசையாமல் இருக்கின்றன.

பூஜ்யத்துக்குக் கீழே பத்து, பதினைந்து டிகிரி என்று இறங்கும் பனிக்காலம்தான் மிகக் கொடியது என்று வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தோன்றும். ஓட்டிப் பழகியவர்கள் அப்படிச் சொல்வதில்லை. அந்தக் குளிரில் விழும் பனி உலர்ந்த தூள். கையுறைமேல் விழுந்தால் தட்டிவிடலாம், நனையாது. கைகளை உண்மையில் வதைப்பது 2 முதல் 7 டிகிரி வரையிலான குளிரில் விடாமல் பெய்யும் மழை. பிரிட்டன், நெதர்லாந்து, பெல்ஜியம், கனடாவின் மேற்குக் கரையில் உள்ள வான்கூவர் ஆகிய இடங்களில் குளிர்காலம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். பின்லாந்தின் ஊலு நகரில் உறைபனி மூடிய பாதைகளிலும் மக்கள் அன்றாடம் சைக்கிளில் போகிறார்கள். குளிர்கால சைக்கிள் ஓட்டம் பற்றிய முதல் சர்வதேச மாநாடு 2013இல் நடந்ததும் அங்கேதான். குளிர் மட்டும் என்றால் சமாளித்துவிடலாம். குளிரும் நீரும் காற்றும் சேர்ந்து வரும்போதுதான் சிக்கல் முற்றுகிறது.

மனித உடல் எப்போதும் காக்க முயல்வது மார்பிலும் வயிற்றிலும் மூளையிலும் இருக்கும் 37 டிகிரி வெப்பத்தை. அதற்குக் குறைவு வரும்போல் தெரிந்தால், உடல் முதலில் கைவிடுவது விரல்களை. தோலடியில் உள்ள சிறு தமனிகள் நரம்பின் கட்டளைப்படி சுருங்குகின்றன. விரல் நுனிகளில் தமனியையும் சிரையையும் நேராக இணைக்கும் குறுக்குவழிகள் உண்டு. வெயில் காலத்தில் அவை திறந்து, சூடான இரத்தத்தைத் தோலுக்கு அனுப்பி உடலைக் குளிர்விக்கும். குளிரில் அவை மூடிக்கொள்ளும். இதனால் விரலுக்குப் போகும் இரத்தம் பல மடங்கு குறைந்துவிடுகிறது. விரல் தானாகச் சூடு உண்டாக்கிக்கொள்ளவும் முடியாது, ஏனென்றால் அதில் தசை இல்லை. விரலை மடக்கி நீட்டும் பெரிய தசைகள் முன்னங்கையில் இருக்கின்றன. அவற்றின் தசைநாண்கள் மட்டுமே மணிக்கட்டைக் கடந்து விரலுக்கு வருகின்றன. ஆக, விரலுக்கு வரும் வெப்பம் ஏறத்தாழ முழுவதும் இரத்தம் சுமந்து வருவதுதான். இரத்தம் நின்றால் வெப்பமும் நின்றது.

இந்த அடைப்பு நீண்டுகொண்டே போவதும் இல்லை. பிரிட்டிஷ் மருத்துவர் தாமஸ் லூயிஸ் 1930இல் ஒரு வினோதத்தைப் பதிவு செய்தார். விரலைப் பனிக்கட்டி நீரில் வைத்திருந்தால், சில நிமிடங்கள் கழித்துச் சுருங்கிய நாளங்கள் திடீரென விரிகின்றன, விரல் சூடாகிறது, பிறகு மீண்டும் சுருங்குகிறது. இப்படி மாறி மாறி நடக்கும். குளிர்நீரிலேயே தொழில் செய்யும் மீனவர்களிடம் விரல்கள் மற்றவர்களுடையதைவிடச் சூடாகவே இருந்ததைக் கனடாவின் காஸ்பே கடற்கரையில் செய்த ஆய்வுகள் காட்டின. குளிரில் ஓட்டத் தொடங்கிய முதல் பத்து, பதினைந்து நிமிடம் கை வலித்து, பிறகு தானே தேறிவிடுவதாகப் பலர் சொல்வதில் இந்த விளைவுக்கும் பங்கு உண்டு; கால்கள் உழைத்து உடல் முழுவதும் சூடேறுவதற்கும் பங்கு உண்டு. ஆனால் உடல் நடுப்பகுதியே குளிர்ந்துபோனவருக்கு இந்த மீட்சி கிடைப்பதில்லை.

விரல் தோலின் வெப்பம் ஏறத்தாழ 15 டிகிரிக்குக் கீழே போனால் நுணுக்கமான வேலைகள் தடுமாறத் தொடங்கும். 10 டிகிரி அளவில் வலி எடுக்கும். ஏழெட்டு டிகிரியில் தொடுவுணர்வு மங்கி விரல் மரத்துவிடும். சட்டை ஜிப்பை இழுக்க முடியாததும், பூட்டில் சாவியை நுழைக்க முடியாததும் தொல்லை என்று விட்டுவிடலாம். பிரேக்கை அப்படி விட முடியாது. மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் போகும் சைக்கிள் ஒரு நொடியில் ஏறத்தாழ 7 மீட்டர் கடக்கிறது. விறைத்த விரல் பிரேக்கை இழுக்க அரை நொடி தாமதித்தால் மூன்றரை மீட்டர் போய்விடும். சக்கர விளிம்பைப் பிடிக்கும் பழைய வகை பிரேக்கில், ஈரத்தைத் துடைத்தெறியவே சக்கரம் முதலில் ஓரிரு சுற்று சுற்றியாக வேண்டும். அந்தத் தாமதமும் இதனுடன் சேர்ந்துகொள்ளும். கையைச் சூடாக வைத்திருப்பது சொகுசுக்காக அன்று, பிரேக் பிடிப்பதற்காக.

காற்றின் பங்கை முதன்முதலில் அளவிட்டவர்கள் அமெரிக்கர்களான பால் சைப்பிளும் சார்ல்ஸ் பாசெலும். 1940களின் தொடக்கத்தில் அண்டார்க்டிகாவில், நீர் நிரப்பிய சிறு பிளாஸ்டிக் உருளை ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டு, வெவ்வேறு காற்றுவேகத்தில் அது எவ்வளவு நேரத்தில் உறைகிறது என்று பார்த்தார்கள். அந்தக் கணக்கைத் திருத்தி 2001இல் கனடாவும் அமெரிக்காவும் புதிய சூத்திரம் ஒன்றை ஏற்றன. அதன்படி 5 டிகிரிக் குளிரில் மணிக்கு 20 கிலோமீட்டர் காற்று வீசினால், திறந்த தோலுக்கு அது 1 டிகிரியைப் போல இருக்கும். 30 கிலோமீட்டர் என்றால் 0 டிகிரி போல. சூத்திரம் முகத்துக்காகப் போடப்பட்டது என்றாலும் விரலின் நிலை அதைவிட மேலாக இருக்க வழியில்லை. காற்றே வீசாத நாளிலும் சைக்கிள் தன் வேகத்தால் இந்தக் காற்றைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. ஏற்றத்தில் வேகம் குறைவு, உழைப்பு அதிகம் என்பதால் கையில் குளிர் தெரியாது. இறக்கத்தில் உழைப்பு நின்று வேகம் இரட்டிப்பாகும். கை விறைப்பது பெரும்பாலும் அங்கேதான்.

நீர் இரண்டு வழிகளில் சூட்டைத் திருடுகிறது. அசையாத காற்றைவிட நீர் ஏறத்தாழ 25 மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும். கையுறையின் இழைகளுக்கிடையே சிறைப்பட்ட காற்றுதான் உண்மையான காப்பு. மழை அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டால் காப்பு கரைந்துவிடும். இரண்டாவது, ஆவியாதல். ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 2.4 கிலோஜூல் வெப்பம் வேண்டும். கையுறையில் தங்கிய 10 கிராம் தண்ணீர் காற்றில் உலர்ந்துபோக எடுத்துக்கொள்ளும் வெப்பத்தை ஒரு லிட்டர் நீரிலிருந்து பிடுங்கினால், அந்த நீர் ஏறத்தாழ 6 டிகிரி குளிர்ந்துவிடும். அதில் ஒரு பகுதியையேனும் கொடுக்க வேண்டியவை, ஏற்கெனவே இரத்தம் குறைந்துபோன அந்த விரல்கள். மழை மட்டுமே நீர் என்று எண்ணவும் கூடாது. தடித்த கையுறைக்குள் ஏற்றத்தில் வியர்த்த கை, இறக்கத்தில் அந்த வியர்வையாலேயே குளிர்ந்துபோகும்.

ஐரோப்பிய சைக்கிள் பந்தயங்களின் வரலாற்றில் இதற்குச் சான்றுகள் இருக்கின்றன. 1910ஆம் ஆண்டு மிலான்–சான் ரெமோ பந்தயம் பனிப்பொழிவில் நடந்தது. வென்ற பிரெஞ்சுக்காரர் யூஜின் கிறிஸ்தோஃப், கைகளில் பனிக்கடி ஏற்பட்டு ஒரு மாத அளவுக்கு மருத்துவமனையில் கிடந்தார். 1980 ஏப்ரலில் பெல்ஜியத்தின் லீஜ்–பஸ்தோன்–லீஜ் பந்தயத்தில் தொடக்கத்திலேயே பனி கொட்டியது. புறப்பட்ட 174 பேரில் 21 பேர் மட்டுமே முடித்தார்கள். ஒன்பது நிமிடத்துக்கும் மேலான இடைவெளியில் வென்ற பெர்னார்ட் ஈனோவின் வலது கை விரல்கள் இரண்டு பழையபடி அசைய மூன்று வாரம் ஆனது.

இவை இரண்டையும்விடப் பாடம் நிறைந்தது 1988 ஜூன் 5ஆம் தேதி இத்தாலியின் காவியா கணவாயில் நடந்தது. ஜீரோ தி இத்தாலியா பந்தயத்தின் பதினான்காம் நாள் அது. 2,600 மீட்டருக்கும் மேல் உயரமான கணவாய், அப்போது பாதையின் ஒரு பகுதி மண் சாலை, மேலே பனிப்புயல். அமெரிக்க அணியினர் அன்று காலையிலேயே வானிலையைக் கேட்டறிந்து, பனிச்சறுக்குக் கடையில் கையுறைகளும் குல்லாய்களும் வாங்கி, உச்சிக்குச் சற்று முன்பாகக் கொடுக்கும்படி ஆட்களை நிறுத்தினார்கள். சூடான தேநீரும் காத்திருந்தது. அந்த அணியின் ஆண்டி ஹாம்ப்ஸ்டன் ஏறும்போதே நியோபிரீன் என்ற செயற்கை ரப்பரால் ஆன கையுறை அணிந்திருந்தார். கணவாயின் உச்சியை முதலில் தொட்டவர் நெதர்லாந்தின் யோஹான் வான் டெர் வெல்டே, அரைக்கைச் சட்டையுடன். ஏறும்போது உடல் உண்டாக்கிய சூடு அவரைக் காத்தது. இறக்கம் தொடங்கியதும் அந்தச் சூடு அணைந்தது. வழியில் நின்று ஒரு வண்டிக்குள் ஏறிக் குளிர்காய வேண்டியதாயிற்று. முக்கால் மணி நேரத்துக்கும் மேல் இழந்தார். ஹாம்ப்ஸ்டன் அன்று தலைவருக்கான ரோஜா நிறச் சட்டையைப் பெற்று, பந்தயத்தையே வென்றார். ஜீரோவை வென்ற முதல் அமெரிக்கர் அவர். கால் வலுவில் யாருக்கும் குறைவில்லாத அந்தக் கூட்டத்தில் வித்தியாசம் செய்தது முன்யோசனை. ஏறும்போது குளிரவில்லை என்பதற்காகக் கையுறையைக் கழற்றி வைப்பவருக்கு, தேவைப்படும் நேரத்தில் அதை மாட்டிக்கொள்ள விரல்கள் ஒத்துழைக்காது.

எந்தக் கையுறை நல்லது என்ற கேள்விக்கு முன்பு ஒன்று தெளிவாக வேண்டும். கையுறை சூட்டைத் தருவதில்லை. காப்பியை பிளாஸ்க் சுட வைக்காது, ஊற்றிய சூட்டைக் காத்து வைக்கும். கையுறையின் வேலையும் அவ்வளவுதான். கைக்கு வரும் இரத்தமே குளிர்ந்து, குறைந்து வந்தால், எத்தனை விலை கொடுத்த கையுறையும் குளிர்ந்த கையைக் குளிர்ந்தபடியே காக்கும். அதனால் கைகளைச் சூடாக வைக்கும் வேலை மார்பிலிருந்து தொடங்குகிறது. உள்ளே ஒரு கம்பளி அடுக்கு, மேலே காற்றும் மழையும் புகாத சட்டை, கழுத்தில் மப்ளர், மணிக்கட்டு தெரியாதபடி நீண்ட கை. மணிக்கட்டில் தமனி தோலை ஒட்டி ஓடுவதால், கையுறைக்கும் சட்டைக்கும் இடையே இரண்டு விரற்கடை இடைவெளி விட்டாலும் விரலுக்குப் போகும் இரத்தம் வழியிலேயே குளிர்ந்துவிடும். மணிக்கட்டுக்கு மட்டும் போட்டுக்கொள்ளும் கம்பளிப் பட்டி மிகச் சிறிய பொருள். அது செய்யும் நன்மை பெரிது. குல்லாயும் உதவும். உடல் வெப்பத்தில் பாதி தலை வழியாகப் போகிறது என்ற பரவலான நம்பிக்கை மட்டும் சரியன்று. தலை வழியே போவது ஏறத்தாழ அதன் பரப்பளவுக்கு ஏற்ற பங்கு, அதாவது பத்தில் ஒன்று அளவே.

கையுறையை வீட்டுக்குள்ளேயே, கை சூடாக இருக்கும்போதே மாட்டிக்கொள்வதும் இதே காரணத்துக்காகத்தான். வாசலில் நின்று சைக்கிளைத் திறந்து, பையைக் கட்டி, விளக்கைப் பொருத்திவிட்டுக் கடைசியாகக் கையுறை போடுகிறவர் குளிர்ந்த கையை உறைக்குள் வைத்துப் பூட்டுகிறார். புகைபிடிப்பவர்களுக்கு இன்னொரு இழப்பும் உண்டு, நிகோடின் நாளங்களைச் சுருக்கும். இரத்த அழுத்தத்துக்குத் தரும் பீட்டா பிளாக்கர் வகை மாத்திரைகளும் சிலருக்குக் கைகளைக் குளிரச் செய்யும். மது நாளங்களை விரித்துச் சூடான உணர்வைத் தந்தாலும், உடலின் சூட்டை வெளியே கொட்டிவிடுவதால் உண்மையில் நிலைமையை மோசமாக்குகிறது.

காப்பு அடுக்கைத் தடிமனாக்கிக்கொண்டே போனால் தீர்ந்துவிடும் என்றும் எண்ண முடியாது. விரல் மெல்லிய உருளை. அதைச் சுற்றித் துணியைச் சேர்க்கச் சேர்க்க, வெப்பம் வெளியேறும் வெளிப்பரப்பும் சேர்ந்து வளர்கிறது. ஒரு கட்டத்துக்கு மேல் கூடுதல் தடிமனால் கிடைக்கும் பலன் சொற்பம். பிரேக்கைப் பிடிக்கும் லாவகமும் போய்விடும். அதனால்தான் நான்கு விரல்களையும் ஒரே அறையில் வைக்கும் மிட்டன் வகை உறைகள், விரல் விரலாகப் பிரித்த கையுறையைவிட எப்போதும் சூடானவை. அவற்றால் கியர் மாற்றுவது கடினம் என்பதால், இரண்டிரண்டு விரலாகச் சேர்த்த நண்டுக்கை வடிவம் சைக்கிள்காரர்களிடையே பிடித்துப்போனது. இறுக்கமான கையுறை எவ்வளவு தடித்திருந்தாலும் பயனில்லை. அது காற்றறைகளை நசுக்குவதோடு இரத்த ஓட்டத்தையும் தடுக்கும். உள்ளே விரலை மடக்கி நீட்டி அசைக்க இடம் இருக்க வேண்டும். கைப்பிடியை அழுத்திப் பிடிக்கும் உள்ளங்கையில் காப்பு எப்படியும் நசுங்கித்தான் போகும்.

நீர்புகாக் கையுறைகளின் உள்ளே ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. இந்த வகைச் சவ்வுகளில் பெயர்பெற்ற கோர்-டெக்ஸ், பாப் கோர் 1969இல் டெஃப்லான் பொருளைச் சட்டென இழுத்து நீட்டியபோது கிடைத்த நுண்துளைப் பொருள். 1970களின் பிற்பகுதியில் அது மழையுடையாகச் சந்தைக்கு வந்தது. துளைகள் நீர்த்துளி நுழைய முடியாத அளவுக்குச் சிறியவை, நீராவி வெளியேறும் அளவுக்குப் பெரியவை. மழைச் சட்டையில் நன்றாக வேலை செய்யும் இந்தச் சவ்வு, கையுறையில் சிரமப்படுகிறது. காரணத்தைத் தெரிந்துகொள்ள ஒரு கையுறையைப் பிரித்துப் பார்த்தால் போதும். வெளியே ஒரு துணி உறை, நடுவே சவ்வால் ஆன ஒரு பை, உள்ளே மெத்தென்ற அடுக்கு. பல கையுறைகளில் இந்த மூன்றும் விரல் நுனி போன்ற சில இடங்களில் மட்டுமே இணைந்திருக்கும். மழை தொடங்கிச் சிறிது நேரத்தில் வெளித்துணி ஊறிவிடுகிறது. சவ்வு நீரை உள்ளே விடுவதில்லை. ஆனால் ஊறிய வெளித்துணியின் நீர் எதிர்க்காற்றில் ஆவியாகி வெப்பத்தை இழுத்துக்கொண்டே இருக்கிறது. நீர்ப்படலம் வெளியே மூடிக்கொண்டதால் உள்ளே இருக்கும் வியர்வைக்கும் வழியில்லை. கை நனையாமலே குளிர்கிறது, சிறிது சிறிதாக உள்ளிருந்தே நனையவும் செய்கிறது. வழியில் ஒருமுறை கழற்றினால் ஈரக்கையோடு உள் அடுக்கு பிடுங்கிக்கொண்டு வெளியே வரும். பிறகு அந்த விரல் குழாய்களைத் திருப்பி உள்ளே திணிக்க விறைத்த கைகளால் முடியாது. அடுக்குகள் ஒன்றோடொன்று முழுவதும் ஒட்டப்பட்டிருக்கும் கையுறையைத் தேடி வாங்கினால் இந்தத் தொல்லை இல்லை.

வெளித்துணி ஊறாமல் இருக்க அதன்மேல் ஒரு நீர்விலக்கிப் பூச்சு உண்டு. புதிதில் மழைத்துளி உருண்டு ஓடும். சில மாத உரசலில் பூச்சு தேய்ந்துவிடும். கைப்பிடியில் இடைவிடாமல் உரசும் இடம் என்பதால் கையுறையில் இது விரைவாகவே நடக்கிறது. துவைத்து மிதமான சூட்டில் உலர்த்தினால் பூச்சு ஓரளவு மீளும். கடையில் கிடைக்கும் தெளிப்பானாலும் புதுப்பிக்கலாம். நீண்டகாலம் இந்தப் பூச்சுக்கு ஃபுளோரின் வேதிப்பொருள்கள் பயன்பட்டன. அவை நீரிலும் மண்ணிலும் அழியாமல் தங்கிவிடுவதால் இப்போது பல நாடுகள் கட்டுப்படுத்துகின்றன. கலிபோர்னியாவில் 2025 முதல் பெரும்பாலான புதிய துணிகளில் அவற்றுக்குத் தடை. மாற்றாக வந்த பூச்சுகள் எண்ணெய், அழுக்கு பட்டால் சீக்கிரம் வலுவிழக்கின்றன. அடிக்கடி துவைத்துப் புதுப்பிப்பது முன்பைவிட அவசியமாகிவிட்டது. ஐரோப்பாவில் வேலைக்கான குளிர்காப்புக் கையுறைகளில் ஈஎன் 511 என்ற குறி இருக்கும். அதன் கீழ் உள்ள மூன்று எண்களில் முதலாவது குளிர்காற்றையும், இரண்டாவது குளிர்ந்த பொருளைத் தொடுவதையும் எவ்வளவு தாங்கும் என்று சொல்லும். மூன்றாவது இடத்தில் 1 இருந்தால் நீர் புகாது, 0 என்றால் புகும். விளம்பர வாசகங்களைவிட இந்த மூன்று எண்கள் நம்பத்தக்கவை.

மணிக்கட்டுப் பக்கம் கையுறையின் வாய் வழியே இறங்கும் மழையைச் சவ்வு தடுக்காது. பந்தயச் சைக்கிளில் குனிந்திருப்பவரின் கை தோளிலிருந்து ஹேண்டில்பாரை நோக்கிச் சரிந்திருக்கும். சட்டைக் கையில் விழும் நீர் அதே சரிவில் ஓடிக் கையுறைக்குள் புகும். அவருக்குச் சட்டைக் கை கையுறையின் மேலே வர வேண்டும். டச்சு வகைச் சைக்கிளில் நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டுபவருக்கு முன்னங்கை ஏறத்தாழ மட்டமாக இருப்பதால் இந்த ஓட்டம் குறைவு.

நீரை வெளியே நிறுத்தும் முயற்சியையே கைவிடும் வழி ஒன்று உண்டு. நியோபிரீன் என்பது 1930இல் அமெரிக்காவின் டுபாண்ட் ஆய்வகத்தில் பிறந்த செயற்கை ரப்பர். நீருக்கடியில் நீந்துவோரின் உடைகளுக்கு அதை நுரையாக்கிப் பயன்படுத்துகிறார்கள். மூடிய குமிழ்களுக்குள் வாயு இருப்பதால் நனைந்தாலும் காப்பு அழியாது, காற்றும் ஊடுருவாது. நியோபிரீன் கையுறைக்குள் கை ஈரமாகத்தான் இருக்கும், ஆனால் அந்த ஈரம் உடல் சூட்டில் வெதுவெதுப்பாகும். மழையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓட்டுபவருக்கு, விலை உயர்ந்த சவ்வுக் கையுறையைவிட இதுவே உருப்படியானது. உலர்ந்த நாளில் மட்டும் இதற்குள் கை வியர்த்து அருவருப்பாகிவிடும்.

இன்னும் மலிவான உபாயம், மருத்துவமனைகளில் போடும் மெல்லிய நைட்ரைல் கையுறையை உள்ளே அணிவது. தோலின் ஈரம் ஆவியாகாமல் அது தடுப்பதால் ஆவியாதல் குளிர் நின்றுபோகிறது. வெளிக்கையுறையின் காப்பும் வியர்வையில் ஊறாது. கைகள் நமுத்துப் போகும், அவ்வளவுதான். பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறையைக் கம்பளிக் கையுறைக்கு மேலே போட்டுக்கொள்வதும் பலர் கைக்கொள்ளும் வழி. பார்க்க அழகில்லை என்பதைத் தவிர அதில் குறைசொல்ல அதிகம் இல்லை. காற்றையும் நீரையும் ஒருசேரத் தடுத்து, பழுதானால் உடனே மாற்றிக்கொள்ளும் விலையில் கிடைக்கிறது. கம்பளி தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவு ஈரத்தை இழைக்குள் வாங்கியும் தொட்டால் ஈரமாகத் தெரியாது; அந்த ஈரத்தை வாங்கும்போது சிறிது வெப்பத்தையும் வெளிவிடுகிறது. பருத்திக்கு இந்தக் குணம் குறைவு. நனைந்த பருத்திக் கையுறை வெறும் கையைவிட மோசம்.

எல்லாவற்றையும்விடச் சிறந்த தீர்வு கையில் அணிவதே அன்று, ஹேண்டில்பாரில் மாட்டுவது. கைப்பிடி, பிரேக், கியர் அனைத்தையும் உள்ளடக்கி ஹேண்டில்பாரின் இரு முனைகளிலும் ஒரு பெரிய உறையைப் பொருத்திவிட்டால், அதற்குள் கையை நுழைத்து ஓட்டலாம். படகுத் துடுப்பில் இதே போன்ற உறைகளைக் கயாக் ஓட்டிகள் பயன்படுத்துகிறார்கள்; அலாஸ்காவின் பனித்தடங்களில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டுவோர் இவை இல்லாமல் புறப்படுவதில்லை. ஜப்பானில் கடைகண்ணிக்குப் போகும் பெண்களின் சைக்கிள்களிலும், சீனாவின் வட நகரங்களில் மின்-ஸ்கூட்டர்களிலும் குளிர்காலம் வந்தால் இவை முளைத்துவிடும். சீனாவில் கைகளோடு மார்பும் முழங்காலும் மறையும்படி மெத்தை போன்ற முழு உறையே மாட்டிக்கொள்கிறார்கள். அன்றாடம் வேலைக்குப் போகிறவர்கள் இந்த உறையை மாட்ட ஏன் இன்னும் தயங்குகிறார்கள் என்பது புரியாத ஒன்று. உறை காற்றையும் மழையையும் முற்றாக நிறுத்துகிறது. உள்ளே நான்கு விரல்களும் ஒரே அறையில் இருக்கின்றன, இருந்தும் பிரேக்கும் கியரும் விரலுக்கு நேரடியாகக் கிட்டுகின்றன. பூஜ்யத்தையொட்டிய குளிரிலும் உள்ளே மெல்லிய கையுறையே போதும்.

கவனிக்க வேண்டியவையும் உண்டு. மணி உறைக்குள் வரும்படி இடம்மாற்ற வேண்டும். திரும்பும்போது கையை வெளியே எடுத்துச் சைகை காட்ட ஓட்டுபவர் முதலில் பழகிக்கொள்ள வேண்டும். உறையின் வாய் எளிதில் கை வெளிவரும் அளவுக்கு அகலமாக இருப்பது கீழே விழும்போதும் நல்லது. வளைந்த பந்தய ஹேண்டில்பாருக்கும் நேரான ஹேண்டில்பாருக்கும் தனித்தனி வடிவம் தேவை. சைக்கிளை நிறுத்தி வைக்கும் நேரத்தில் உறையின் வாயில் மழை இறங்காமல் ஒரு பாலிதீன் பையால் மூடிவிட வேண்டும், இல்லையெனில் மாலையில் வரும்போது உள்ளே குளம் இருக்கும்.

மின்சாரச் சூட்டுக் கையுறைகள் புறங்கையிலும் விரல்களிலும் ஓடும் கம்பிகளால் சூடேற்றுகின்றன. குளிர் பட்டதும் விரல்கள் வெளுத்து நீலமாகும் ரேனோ நோய் உள்ளவர்களுக்கு இவை வரம். மற்றவர்களுக்கு மின்கலத்தின் எடையும், குளிரில் குறையும் அதன் திறனும், மழையில் கெடும் இணைப்புகளும் சங்கடம். இரும்புத்தூள், உப்பு, கரி கலந்த சிறு சூட்டுப் பைகள் காற்றில் இருக்கும் ஆக்சிஜனோடு இரும்பு சேர்வதால் சூடாகின்றன. சைக்கிளில் அவற்றை நம்ப வேண்டாம். நனைந்தால் அணைந்துவிடும், காற்றுப்புகாத கையுறைக்குள் ஆக்சிஜன் இன்றி அணைந்துவிடும். பெரிய உறைக்குள் போட்டால் நன்றாக வேலை செய்யும்.

சைக்கிளின் அமைப்பிலும் சில உண்டு. அலுமினிய பிரேக் பிடி வெப்பத்தை விரைந்து உறிஞ்சும். கார்பன் இழையால் ஆனது அப்படி அன்று. பிரேக் பிடியில் விரல் படும் இடத்தில் ரப்பர் டியூப் துண்டையோ துணி நாடாவையோ சுற்றுவது செலவில்லாத வேலை. ஹேண்டில்பாரைத் தடித்த நுரை நாடாவால் சுற்றுவது குளிரோடு அதிர்வையும் குறைக்கும். பிரேக் கம்பி துருப்பிடித்து இறுகியிருந்தால் விறைத்த கையால் இழுக்க முடியாது. குளிர்காலத்துக்கு முன்பே அதை மாற்றி எண்ணெய் இடுவது ஒரு கையுறை வாங்குவதற்குச் சமம்.

லண்டன், பாரிஸ், டொரொண்டோ போன்ற நகரங்களில் சைக்கிளில் உணவு கொண்டுபோகிறவர்களின் தொல்லை தனி ரகம். அவர்களில் தமிழ் மாணவர்களும் இருக்கிறார்கள். ஒவ்வொரு வாசலிலும் நின்று, கையுறையைக் கழற்றி, போனில் அடுத்த முகவரியைப் பார்த்து, பொட்டலத்தை எடுத்துக்கொடுத்து, மீண்டும் ஈரமான கையுறைக்குள் ஈரமான கையை நுழைக்க வேண்டும். தொடுதிரை விரலின் மின்தன்மையால் இயங்குவதால் சாதாரணக் கையுறை அதில் வேலை செய்யாது; மின்கடத்தும் இழை நெய்த நுனிகள் உள்ள கையுறை உலர்ந்த நாளில் உதவும், திரையில் மழை நீர் பட்டால் வெறும் விரலே தடுமாறும். நாள் முழுவதும் நிற்பதும் ஓட்டுவதுமாக இருப்பவருக்கு உடல் சூடேறவும் வழியில்லை. அவருக்கு உரியது ஹேண்டில்பார் உறையும், உள்ளே போட்டுக்கழற்ற எளிதான மெல்லிய கம்பளிக் கையுறைகள் இரண்டு மூன்று ஜோடியும். ஒரு விலையுயர்ந்த ஜோடியைவிட, நீர்புகாத பையில் கட்டி வைத்த மூன்று மலிவான ஜோடிகள் மேல். நனைந்ததும் மாற்றிக்கொண்டால் போதும்.

தமிழ்நாட்டில் இந்தக் குளிரை அறிந்தவர்கள் நீலகிரிக்காரர்கள். டிசம்பர், ஜனவரியில் உதகையில் விடியற்காலை உறைபனி படியும். 2008இல் தொடங்கிய டூர் ஆஃப் நீலகிரிஸ் சைக்கிள் பயணம் குளிர்காலத்தில் வருவதால், சமவெளியிலிருந்து விரலற்ற கோடைக் கையுறையோடு போகிறவர்கள் காலை இறக்கங்களில் அவதிப்பட வாய்ப்பு அதிகம்.

விறைத்துப்போன கைக்கு வழியில் செய்யக்கூடியது, இறங்கி நின்று இரு கைகளையும் தோளிலிருந்து வேகமாகச் சுழற்றுவது. சுழற்சி விசை இரத்தத்தை விரல் நுனிக்குத் தள்ளும். அக்குளுக்குள் கையை வைத்துக்கொள்வதும் நல்லது. வீடு வந்து சேர்ந்ததும் அடுப்பிலோ ஹீட்டரிலோ காட்டக் கூடாது. மரத்த தோலுக்குச் சுடுவது தெரியாமல் வெந்துவிடும். வெதுவெதுப்பான நீர் போதும். இரத்தம் திரும்பும்போது எடுக்கும் வலி, விறைத்தபோது இருந்த வலியைவிடக் கடுமையாக இருக்கலாம். தேய்க்காமல் பொறுத்திருந்தால் சில நிமிடங்களில் அடங்கும். குளிர் பட்டதும் விரல்கள் சட்டென்று வெளுத்து, பிறகு நீலமாகி, கடைசியில் சிவக்கின்றன என்றால் அது 1862இல் மோரிஸ் ரேனோ விவரித்த நிலையாக இருக்கலாம். அது பலருக்குத் தொல்லையோடு நின்றுவிடும். சிலருக்கு உள்ளே வேறொரு நோய்க்கான அறிகுறி. மருத்துவரிடம் காட்டுவது நல்லது. சூடேறிய பின்பும் மணிக்கணக்கில் உணர்வு திரும்பாமல் இருந்தாலோ, கொப்புளம் கண்டாலோ தாமதிக்கக் கூடாது.

நனைந்த கையுறையை ஹீட்டர்மேல் நேராகப் போட்டால் சவ்வும் ஒட்டும் பசையும் கெடும், தோல் கையுறை வெடித்துவிடும். உள் அடுக்கைக் கவனமாக வெளியே இழுத்து, விரல் குழாய்களுக்குள் பழைய செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து, காற்றோட்டமான இடத்தில் விரல் நுனி மேலே இருக்கும்படி நிறுத்தி வைக்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் காகிதம் ஊறிவிடும். அதை எடுத்துவிட்டு உலர்ந்த காகிதத்தை மீண்டும் திணித்தால் காலைக்குள் காய்ந்துவிடும்.